மூக்கு வழியே பிட்யூட்டரி ஆபரேஷன்: செய்து காட்டிய ஹார்வி குஷிங்கே அதை ஏன் கைவிட்டார்?

பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்யணும் என்று டாக்டர் சொன்னதும், தலையை மொட்டை அடித்து மண்டையைத் திறப்பார்களோ என்றுதான் பலருக்கும் பயம் வரும். ஆனா இன்றைக்கு இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை மூக்குத் துவாரம் வழியாகவே எடுக்கப்படுகின்றன. வெளியே ஒரு தழும்புகூடத் தெரியாது.

இது ஏதோ நேற்று வந்த டெக்னாலஜி இல்லை. மூக்கு வழி ஆபரேஷனுக்கு வயது 100-ஐத் தாண்டிவிட்டது. ஸ்கேன் இல்லாத, ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்திலேயே ஓர் அமெரிக்க டாக்டர் இதை 231 பேருக்குச் செய்தார். பல நாட்டு டாக்டர்கள் அவரிடம் வந்து கற்றுக்கொண்டார்கள். பிறகு அவரே அந்த வழி வேண்டாம் என்று விலகினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். சுமார் 30 ஆண்டுகள் மூக்கு வழி கிட்டத்தட்ட மறந்தே போனது.

அவர் பெயர் ஹார்வி குஷிங். நவீன நியூரோசர்ஜரியின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அதே குஷிங். அப்படிப்பட்டவர் ஏன் பின்வாங்கினார்? தவறு செய்துவிட்டாரா?

அரை கிராம் சுரப்பி, ஆபத்தான இடம்

இரண்டு கண்களுக்கும் நடுவில் இருந்து நேராகப் பின்னால் போனால், மூளைக்கு அடியில் ஒரு சின்ன எலும்புக் குழி வரும். பார்ப்பதற்குக் குதிரைச் சேணம் மாதிரி இருக்கும். அந்தக் குழிக்குள் உட்கார்ந்திருப்பதுதான் பிட்யூட்டரி. பட்டாணி சைஸ், எடை சுமார் அரை கிராம். உடல் வளர்ச்சி, தைராய்டு, மாதவிடாய், தாய்ப்பால், உடலின் நீர் அளவு என எல்லாவற்றுக்கும் கட்டளை போடுவது இந்தப் பட்டாணிதான்.

இங்கே வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பிரச்னை, அது இருக்கும் இடம். மேலே பார்வை நரம்புகள் ஒன்றை ஒன்று சந்திக்கும் இடம். இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள். கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் பார்வை நரம்பை அழுத்தும். முதலில் போவது இரண்டு ஓரங்களிலும் உள்ள பார்வை. எதிரே வரும் பஸ் தெரியும், பக்கவாட்டில் வரும் பைக் தெரியாது. அப்படியே விட்டால் பார்வை முழுசாகப் போகவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு வகை, ஹார்மோனை அளவுக்கு மேல் சுரக்கும் கட்டி. வளர்ச்சி ஹார்மோன் அதிகமானால், சிறு வயதில் உயரம் நிற்காமல் ஏறும். பெரியவர்களுக்கு உயரம் ஏறாது. ஆனால் மோதிரம் விரலில் நுழையாது, செருப்பு சைஸ் மாறும், தாடை நீளும், மூக்கும் உதடும் தடிக்கும். அக்ரோமெகலி என்பது இதுதான்.

எல்லாக் கட்டிக்கும் ஆபரேஷன் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கட்டிகளில் பெரும்பாலானவை இன்று மாத்திரையிலேயே சுருங்கிவிடுகின்றன. ஆனால் இன்றைய ஸ்கேனோ, ஹார்மோன் ரத்தப் பரிசோதனையோ, இந்த மாத்திரையோ எதுவுமே குஷிங் காலத்தில் கிடையாது.

டாக்டர் குடும்பத்தின் 10-வது பிள்ளை

குஷிங் பிறந்தது 1869 ஏப்ரல் 8, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம், கிளீவ்லாண்ட் நகரில். அப்பா டாக்டர், தாத்தா டாக்டர், கொள்ளுத்தாத்தாவும் டாக்டர். 10 பிள்ளைகளில் கடைக்குட்டி இவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பேஸ்பால் பைத்தியம். அப்புறம் ஹார்வர்டில் மருத்துவம் படித்து 1895-ல் வெளியே வந்தார்.

மாணவராக இருந்தபோது நடந்த ஒரு சம்பவம் அவரை உலுக்கியது. அந்தக் காலத்தில் நோயாளிக்கு ஈதர் மயக்க மருந்து கொடுக்கும் வேலையை மாணவர்களிடமே விடுவார்கள். அப்படி இவர் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி ஆபரேஷன் மேஜையிலேயே இறந்துபோனார். படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு மனசு உடைந்தது. விடவில்லை. அதற்குப் பதில், நண்பர் கோட்மேனுடன் சேர்ந்து, மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் நாடித்துடிப்பு, மூச்சு ஆகியவற்றை நிமிடக் கணக்கில் குறித்துவைக்கும் ஒரு சார்ட்டை உருவாக்கினார். 1901-ல் இத்தாலி போனபோது அங்கே ரிவா-ரோச்சியின் பி.பி. கருவியைப் பார்த்து, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்தத் தொடங்கினார். இன்று எந்த ஆபரேஷன் நடந்தாலும் மானிட்டரில் பி.பி. ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதற்கான விதைகளில் ஒன்று இது.

1896-ல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். குரு, வில்லியம் ஹால்ஸ்டெட். அவசரப்படாமல், ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட வீணாக்காமல், திசுவை மென்மையாகக் கையாளும் பாணி ஹால்ஸ்டெட்டுடையது. மூளை ஆபரேஷன் என்றாலே பிணம்தான் வெளியே வரும் என்று பேசப்பட்ட காலத்தில், இந்தப் பொறுமைதான் குஷிங்கின் பலம் ஆனது.

மேஜையில் படம் வரையும் பழக்கமும் உண்டு. ஒவ்வோர் ஆபரேஷனுக்குப் பிறகும் என்ன பார்த்தார் என்பதைத் தன் கையாலேயே வரைந்து கேஸ் ஷீட்டில் சேர்த்துவிடுவார்.

கண்டுபிடிக்க முடியாத கட்டி

1901-ல் பதின்ம வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் கொண்டுவரப்பட்டாள். கடும் தலைவலி. பார்வை குறைந்துகொண்டே போனது. உடல் பருத்திருந்தது, ஆனால் பருவ வயதுக்கான வளர்ச்சி இல்லை. குஷிங் மண்டையைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். கட்டி எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சிறுமி இறந்துபோனாள். பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது, கட்டி பிட்யூட்டரி பகுதியில் இருந்தது.

இதே மாதிரி அறிகுறிகள் கொண்ட ஒரு சிறுவனைப் பற்றி வியன்னாவில் ஃப்ரோலிக் என்ற டாக்டர் அதே 1901-ல் எழுதியிருந்தார். அதற்குக் காரணம் பிட்யூட்டரி பகுதிக் கட்டி என்று அவர் சரியாகவே காட்டியிருந்தார். அதாவது துப்பு உலகத்தில் ஏற்கெனவே இருந்தது, பால்டிமோரில் உள்ள டாக்டருக்குத்தான் அது சரியான நேரத்தில் கிடைக்கவில்லை. இந்தத் தோல்வியில் இருந்துதான் குஷிங்கின் பிட்யூட்டரி தேடல் தொடங்குகிறது.

அடுத்த சில ஆண்டுகள் ஆய்வகத்தில் கழிந்தன. நாய்களில் பிட்யூட்டரியை நீக்கிப் பார்த்தார். இந்தச் சுரப்பி இல்லாவிட்டால் உடல் எப்படிக் குலைகிறது என்பதைப் பதிவு செய்தார். 1909-ல் லண்டனில் இன்னொரு வேலையும் செய்தார். ஐரிஷ் ராட்சதன் என்று 18-ம் நூற்றாண்டில் காட்சிப்பொருளாக வாழ்ந்த சார்லஸ் பைர்னின் எலும்புக்கூடு அங்கே ஹண்டேரியன் மியூசியத்தில் இருந்தது. அவர் இறந்து 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மியூசியத்தின் ஆர்தர் கீத்துடன் சேர்ந்து அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்தார் குஷிங். பிட்யூட்டரி இருக்கும் குழி வழக்கத்தைவிடப் பெரிதாக விரிந்து கிடந்தது. ராட்சத உயரத்துக்குக் காரணம் ஒரு கட்டி. (பைர்ன் தன் உடலைக் காட்சிக்கு வைக்கக் கூடாது, கடலில் போட்டுவிடணும் என்று கேட்டிருந்தார் என்பது தனிக் கதை. 2023-ல்தான் அந்த எலும்புக்கூட்டைப் பார்வையில் இருந்து எடுத்தார்கள்.)

மேல் உதட்டுக்கு அடியில் ஒரு பாதை

மூக்கு வழியை முதலில் திறந்தவர் குஷிங் இல்லை. 1907-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் அதைச் செய்தார். ஆனால் அவர் முறையில் மூக்கையே வெளியில் வெட்டி ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

1909 மார்ச்சில் குஷிங்கின் முறை வந்தது. நோயாளி, தெற்கு டகோட்டாவைச் சேர்ந்த ஒரு விவசாயி. அக்ரோமெகலி. அவருக்கும் முகத்தில் வெட்டித்தான் உள்ளே போனார். விவசாயி பிழைத்தார், தலைவலியும் குறைந்தது. ஆனால் முகத்தை வெட்டாமல் போக முடியாதா என்ற கேள்வி நின்றது.

1910-ல் இரண்டு ஊர்களில் இரண்டு பதில்கள் வந்தன. சிகாகோவின் ஹால்ஸ்டெட் (குஷிங்கின் குரு இல்லை, இவர் வேறு ஒருவர்) மேல் உதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே வெட்டி உள்ளே போனார். வியன்னாவில் ஆஸ்கர் ஹிர்ஷ் என்ற காது மூக்கு தொண்டை டாக்டர், மூக்குத் துவாரம் வழியாகவே போனார், அதுவும் நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தாமல். குஷிங் இவர்களிடம் இருந்தெல்லாம் எடுத்து, உதட்டுக்கு அடியில் தொடங்கி மூக்கின் நடுச்சுவர் ஓரமாகப் போகும் ஒரு பாதையை வகுத்தார். நடுச்சுவரின் சவ்வைக் கிழியாமல் பிரித்து, ஒரு விரிப்பானை உள்ளே செலுத்தி, பின்னால் இருக்கும் காற்றறையைத் தாண்டி, குழியின் அடித்தளத்தை உடைத்தால் கட்டி.

வெளிச்சம்? நெற்றியில் கட்டிய ஒரு விளக்கு. அவ்வளவுதான். விரல் நீளத்துக்கும் அதிகமான ஒரு குறுகிய சுரங்கத்தின் கடைசியில், அந்த மங்கலான வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் உயிர்போகும் ரத்தக்குழாய் இருக்கிறது என்ற நினைப்போடு சுரண்டி எடுக்கணும். மூக்கில் இருக்கும் கிருமி மூளை உறைக்குப் போனால் காப்பாற்ற மருந்து கிடையாது.

அப்படி இருந்தும் 1910 முதல் 1925 வரை அவர் இந்த வழியில் 231 பேருக்கு ஆபரேஷன் செய்தார். இறப்பு 5.6 சதவீதம். மூளைப் பக்கம் கத்தியைக் கொண்டுபோகவே மற்றவர்கள் நடுங்கிய காலத்தில் இது நம்ப முடியாத எண். 1912-ல் பிட்யூட்டரி நோய்கள் பற்றிய அவரது புத்தகம் வெளிவந்தது. அதே காலத்தில் பாஸ்டன் நகருக்கு, புதிதாகத் திறக்கப்பட்ட பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனைக்கு மாறினார். ஹார்வர்டில் பேராசிரியரும் ஆனார்.

போர், புத்தகம், ஒரு போன் கால்

முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். தலையில் பாய்ந்த இரும்புத் துண்டுகளைக் காந்தம் வைத்து எடுத்தார். 1917 ஆகஸ்ட்டில் ஒரு கொடுமையான இரவு. அவர் தந்தையைப் போல மதித்த வில்லியம் ஆஸ்லரின் ஒரே மகன் குண்டடிபட்டுக் கிடக்கிறான் என்று செய்தி வந்தது. ஓடிப்போய்ச் சேர்ந்தார். ஆபரேஷன் நடந்தும் பையன் பிழைக்கவில்லை. பின்னாளில் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி, அதற்காக 1926-ல் புலிட்சர் பரிசு வாங்கினார். ஒரு நியூரோசர்ஜன் புலிட்சர் வாங்குவது எவ்வளவு அபூர்வம் என்று சொல்லத் தேவையில்லை.

அதே 1926 ஜூனில் அவர் வீட்டுக்கே இடி. யேலில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் வில்லியம் கார் விபத்தில் இறந்துவிட்டான் என்று காலையில் போன். மனைவிக்குச் சொல்ல ஏற்பாடு செய்துவிட்டு, அன்றைக்குக் குறித்திருந்த ஆபரேஷனை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். இதைக் கடமை உணர்ச்சி என்று புகழ்பவர்கள் உண்டு. வீட்டை வேலைக்குப் பின்னால் தள்ளிய மனிதர் என்று விமர்சிப்பவர்களும் உண்டு. ஜூனியர்களிடம் அவர் காட்டிய கடுமையும் ஊரறிந்த விஷயம்.

ஆனால் நோயாளிகள் விஷயத்தில் அவர் வேறு மனிதர். மேரி ஆன் பெவன் என்ற பெண்ணின் போட்டோ இன்றும் சமூக வலைதளங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. லண்டனைச் சேர்ந்த நர்ஸ், 4 குழந்தைகளின் தாய். அக்ரோமெகலியால் முகம் மாறிப்போனது. கணவரும் இறந்துவிட, பிழைப்புக்காக உலகின் அசிங்கமான பெண் என்ற பட்டத்தோடு அமெரிக்க சர்க்கஸில் காட்சிப்பொருளாக நின்றார். 1927-ல் டைம் பத்திரிகை அவர் படத்தைக் கிண்டலாகப் போட்டது. பார்த்த குஷிங் சும்மா இருக்கவில்லை. இது சிரிக்கிற விஷயம் இல்லை, இந்தப் பெண்ணுக்கு இருப்பது தலைவலியும் பார்வைக் குறைவும் தரும் ஒரு கொடிய நோய் என்ற கருத்தில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்தப் போட்டோவை இன்றும் மீம் ஆக்குபவர்களுக்கு இந்தக் கடிதம் தெரியாது போல.

ஏன் விட்டார்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 1920-களின் கடைசியில் குஷிங் மூக்கு வழியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். மண்டையை முன்பக்கமாகத் திறந்து, மூளையை மெல்லத் தூக்கி, மேலிருந்து கட்டியை அணுகும் வழிக்குப் போனார்.

முதல் காரணம், கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியாது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். குழி விரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம், கட்டி மேலே எந்த வடிவத்தில் ஏறியிருக்கிறது என்று பார்க்க முடியாது. மூளையின் அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை 1918-ல் வால்டர் டாண்டி கண்டுபிடித்திருந்தார். அவர் குஷிங்கின் பழைய ஜூனியர், இருவருக்கும் ஆகவே ஆகாது. அந்த முறையை ஏற்க குஷிங் ரொம்பவே தயங்கினார்.

இரண்டாவது, கீழிருந்து சுரண்டும்போது கட்டியின் மேல்பகுதி மிஞ்சிவிடும். பார்வை நரம்பை அழுத்துவதே அந்த மேல்பகுதிதான். நோயாளி பிழைத்துக்கொள்வார், ஆனால் பார்வை முழுசாகத் திரும்பாது, அல்லது கட்டி மறுபடி வளரும். மேலிருந்து போனால் நரம்பைக் கண்ணால் பார்த்தே விடுவிக்கலாம்.

மூன்றாவது, மேல்வழி அதற்குள் பாதுகாப்பாகிவிட்டது. ரத்தக்குழாயைக் கவ்வும் வெள்ளி கிளிப்பை அவர் 1911-லேயே கொண்டுவந்திருந்தார். 1926 அக்டோபரில் வில்லியம் போவி என்ற விஞ்ஞானியின் மின் கருவியை வைத்து ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தத் தொடங்கினார். முன்பு தொடவே முடியாது என்று விட்ட கட்டிகளை எல்லாம் எடுக்க முடிந்தது.

கூட்டிப் பார்த்தால், அன்றைய நிலையில் அவர் முடிவு நியாயமானதே. மூக்கு வழியில் பாதை சரியாகத்தான் இருந்தது. பாதையின் முடிவில் வெளிச்சம்தான் இல்லை. சிக்கல் என்னவென்றால், குஷிங் ஒன்றைச் செய்தால் உலகமே செய்யும். அவர் விட்டதும் அமெரிக்காவில் மூக்கு வழி ஓரம்கட்டப்பட்டது. அதை விடாமல் பிடித்திருந்த சிலரில் ஒருவர் வியன்னாவின் ஹிர்ஷ். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938-ல் அவர் தப்பி வந்து சேர்ந்த ஊரும் பாஸ்டன்தான்.

12 நோயாளிகள், ஒரு நோயின் பெயர்

1932-ல் குஷிங் தன் கடைசிப் பெரிய கட்டுரையை எழுதினார். வட்டமான முகம், பருத்த வயிறு, மெலிந்த கைகால், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், பி.பி., சர்க்கரை, எளிதில் உடையும் எலும்பு. இப்படி 12 பேரின் விவரங்களைச் சேர்த்து, இதற்குக் காரணம் பிட்யூட்டரியில் உள்ள மிகச் சிறிய கட்டி என்றார். முதல் நோயாளி, 1912 புத்தகத்திலேயே அவர் எழுதியிருந்த 23 வயதுப் பெண். இருபது ஆண்டுகள் அந்தக் கேஸை மனசில் வைத்திருந்திருக்கிறார்!

பலர் நம்பவில்லை. கட்டி அவ்வளவு சிறியது, கண்ணுக்கே தெரியாதது உடம்பை இப்படி மாற்றுமா என்ற சந்தேகம். இன்று அதன் பெயரே குஷிங் நோய். (நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே அறிகுறிகள் வரலாம். அது கட்டியால் வருவதில்லை. அதற்காக மாத்திரையைத் தானாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து, டாக்டரைக் கேட்டே செய்யணும்.)

1931 ஏப்ரலில் அவர் 2,000-வது மூளைக்கட்டி ஆபரேஷனை முடித்திருந்தார். ஒவ்வொரு கட்டியின் மாதிரியையும் பாதுகாத்து, நோயாளி என்ன ஆனார் என்று கடிதம் எழுதி விசாரித்துப் பதிவேட்டில் சேர்த்தவர் லூயிஸ் ஐசன்ஹார்ட் என்ற பெண் டாக்டர். குஷிங்கிடம் செக்ரெட்டரியாகச் சேர்ந்து, பிறகு மருத்துவம் படித்து, மூளைக்கட்டி நோய்க்கூறு நிபுணர் ஆனவர். அந்த மாதிரிகள் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2010-ல் யேலில் குஷிங் மையமாகத் திறக்கப்பட்டன.

நோபலுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் வந்த நோயால் கால்கள் தளர்ந்தன, சிகரெட்டும் சேர்ந்து கெடுத்தது. 1939 அக்டோபர் 7-ம் தேதி நியூ ஹேவனில் மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவர் மூளைக்குள்ளேயே ஒரு சின்ன நீர்க்கட்டி இருந்தது தெரியவந்தது.

மறந்த வழி திரும்பியது எப்படி?

1923-ல் எடின்பரோவில் இருந்து ஓர் இளைஞர் பாஸ்டன் வந்து குஷிங்கிடம் பயிற்சி எடுத்திருந்தார். பெயர் நார்மன் டாட். முதலில் இன்ஜினீயரிங் பயிற்சியில் இருந்தவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மருத்துவம் பக்கம் திரும்பியவர். குரு மூக்கு வழியை விட்டபோதும் சிஷ்யர் விடவில்லை. இன்ஜினீயர் மூளை வேலை செய்தது. விரிப்பானின் நுனியிலேயே குட்டி பல்புகளைப் பொருத்தினார். வெளிச்சம் நெற்றியில் இருந்து சுரங்கத்தின் கடைசிக்கு நகர்ந்தது.

1956-ல் டாட்டைப் பார்க்க பாரிஸில் இருந்து ஜெரார்ட் கியோ வந்தார். பார்த்ததும் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படத்தை டி.வி. திரையில் பார்த்து, கருவியின் நுனி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வசதியைச் சேர்த்தார். அவரிடம் கற்றவர் கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஜூல்ஸ் ஹார்டி. 1960-களில் ஹார்டி ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பை இந்தச் சுரங்கத்தின் வாயில் நிறுத்தினார்.

மைக்ரோஸ்கோப் என்ன மாற்றியது? பார்க்கும் கோட்டிலேயே வெளிச்சமும் உள்ளே இறங்கும். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் ஆழம் தெரியும். சுரப்பி எது, கட்டி எது என்று நிறத்திலேயே பிரித்துவிடலாம். 10 மில்லிமீட்டருக்கும் குறைவான கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, நல்ல சுரப்பியை அப்படியே விட்டுவைக்க முடிந்தது. அப்படிக் குட்டிக் கட்டியை எடுத்ததும் குஷிங் நோய் உள்ளவர்கள் குணமானார்கள். 1932-ல் குஷிங் சொன்னது சரிதான் என்பதற்கு, அவர் கைவிட்ட பாதையிலேயே ஆதாரம் கிடைத்தது. அதற்குள் ஆன்டிபயாட்டிக்கும், சுரப்பி பழுதானால் உயிர் காக்கும் கார்டிசோன் மருந்தும் வந்துவிட்டதும் ஒரு காரணம்.

எண்டோஸ்கோப் வந்த பிறகு?

மைக்ரோஸ்கோப்பிலும் ஒரு குறை உண்டு. குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி, நேர்கோட்டில் இருப்பதுதான் தெரியும். ஓரமும் மூலையும் தெரியாது. எண்டோஸ்கோப் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு குச்சி. அதன் நுனியில் லென்ஸும் வெளிச்சமும். டாக்டரின் கண்ணையே சுரங்கத்தின் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்த மாதிரி. 30 டிகிரி, 45 டிகிரி சாய்ந்த லென்ஸ் போட்டால் மூலையைத் திரும்பியும் பார்க்கலாம்.

இதை கியோவே 1963-ல் முயற்சி செய்து பார்த்தார். அன்றைய படம் மங்கல், விட்டுவிட்டார். கேமராவும் லென்ஸும் மேம்பட்ட பிறகு, 1992-ல் பிரான்ஸின் நான்சி நகரில் ஜான்கோவ்ஸ்கி குழுவும், அதைத் தொடர்ந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜோவும் கராவும் முழுக்க எண்டோஸ்கோப்பிலேயே செய்து காட்டினார்கள். உதட்டுக்கு அடியில் வெட்டும் வேலையும் போனது. இப்போது பல இடங்களில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு துவாரத்திலும் நியூரோசர்ஜன் இன்னொரு துவாரத்திலுமாக நாலு கை வேலை பார்க்கிறார்கள்.

அப்படின்னா மைக்ரோஸ்கோப் பழசாகிவிட்டதா? இல்லை. அதிலேயே கை தேர்ந்த டாக்டர்கள் இன்றும் நல்ல பலன் காட்டுகிறார்கள். எந்தக் கருவி என்பதைவிட, அந்த டாக்டர் இதே ஆபரேஷனை எத்தனை முறை செய்திருக்கிறார் என்பதுதான் நோயாளி முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மூக்கு வழி என்பதால் சின்ன ஆபரேஷன் என்றும் நினைக்க வேண்டாம். மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியாகக் கசியலாம். அதை அடைக்கத் தொடையில் இருந்தோ வயிற்றில் இருந்தோ கொஞ்சம் கொழுப்பு எடுத்து வைப்பார்கள், பெரிய ஓட்டை என்றால் மூக்கின் சவ்வையே திருப்பி ஒட்டுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தெளிந்த நீராக மூக்கில் ஒழுகினால், அடக்க முடியாத தாகமும் அளவுக்கு மீறிய சிறுநீரும் வந்தால், உடனே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு ஹார்மோன் மாத்திரை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படலாம். மூக்கைச் சிந்தாமல், குனிந்து பாரம் தூக்காமல் சில வாரங்கள் இருக்கச் சொல்வார்கள்.

கட்டி குழியைத் தாண்டிப் பக்கவாட்டில் ரொம்ப தூரம் பரவியிருந்தாலோ, பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றிக்கொண்டிருந்தாலோ, எண்டோஸ்கோப் கையில் இருந்தும் டாக்டர்கள் இன்றைக்கும் மண்டையைத் திறந்து, குஷிங் கடைசியாகப் போன அந்த மேல்வழியிலேயே போகிறார்கள்.